அடக்கிக்கொண்டிருக்கும் பெண்கள்

சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் பஸாரில் வாப்பாவின் கடையில் நானும் நிற்பேன். தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் அக்காமார் அரிசி, மா, பருப்பு, கருவாடு என்று ஒரு மாதத்துக்கான சாமான் வாங்குவார்கள். பட்டியல் எழுதுவது என் வேலை. கடந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிறு நல்ல வெயில். வழமையாக வரும் ஒரு அக்கா முகமெல்லாம் வியர்த்துப்போய் அரிசி மூட்டையில் சாய்ந்து நின்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேணாம் பாப்பா. தண்ணி குடிச்சா அப்புறம் எங்க போறது?"

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் சிரித்தார். "மலையிலயும் அப்படித்தான். காலையில ஒரு பிளேன்டீ, அதோட சரி. மத்தியானம் லயத்துக்கு வந்தாத்தான் எல்லாம்."

மலை என்று அவர் சொன்னது கொழுந்தெடுக்கும் இடத்தை. காலையில் ஏறினால் மத்தியானம் வரை, பின்னர் மறுபடியும் மாலை வரை. முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, காலடியில் அட்டை. அந்த மலையில் மலசலகூடம் இல்லை. அவர் கையில் பட்டியலைக் கொடுத்துவிட்டு நான் என் உயிரியல் புத்தகத்தைத் திறந்தேன். பரீட்சைக்காகக் கழிவகற்றல் தொகுதியைப் படங்களோடு மனனம் செய்திருந்தேன். அந்தப் படங்களில் எதிலும் அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் இல்லை.

இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொன்னபோது என் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மலச்சிக்கலைப் பற்றியா சஞ்சிகையில் எழுதப்போகிறாய்? பெற்றோரெல்லாம் வாசிப்பார்களே!" வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மார்க்க விஷயத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாகவில்லை என்பதற்காக அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியதை நாம் ஆறாம் வகுப்பிலேயே படித்தோம். அந்தப் பெண்கள் கேட்டவையெல்லாம் உடம்பைப் பற்றிய கேள்விகள்தான்.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பின் கீழ்ப்பக்கம் திறந்த வாய் போன்றது. அந்த வாயை முன்னாலிருந்து பின்னாலும் பக்கத்துக்குப் பக்கமும் கட்டியிருக்கும் தசைகளை இடுப்புத்தளத் தசைகள் என்கிறார்கள். சேலையில் கட்டிய ஏணையை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அந்த ஏணையில்தான் கிடக்கின்றன. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் ஏணை இறுக வேண்டும். மலசலம் கழிக்கும்போது தளர வேண்டும். இந்த இரண்டு வேலையையும் அது மாறி மாறிச் செய்வதால்தான் நாம் மானத்தோடு நடமாடுகிறோம்.

பெருங்குடலின் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் திரவம் அதற்குள் வருகிறது. பெரும்பகுதியை அது உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மலம் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறதோ அவ்வளவு நீர் உறிஞ்சப்படும், அவ்வளவு இறுகும். இப்போது தண்ணீரும் குடிக்காமல், வந்த உணர்வையும் அடக்கி, வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை நினையுங்கள். மாலையில் அவர் லயத்துக்கு வந்து முக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் ஏணையின் மேல் இறங்குகிறது. நாள்தோறும் இறங்கினால் ஏணை தொய்கிறது. தொய்ந்தால் தும்மும்போது சிறுநீர் கசிகிறது. பிள்ளைகள் பெற்று, பாரமும் சுமந்திருந்தால் கருப்பையே கீழிறங்குவதும் உண்டு.

இதற்கு நேரெதிரான ஒரு கோளாறும் இருக்கிறது. தளர வேண்டிய நேரத்தில் தளராமல் இந்தத் தசைகள் இறுகிக்கொள்வது. அப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு முக்கினாலும் கதவு உள்ளிருந்து சாத்தியபடியே இருக்கும். பேதி மருந்து கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. தசையின் அசைவைக் கருவியொன்றில் நோயாளிக்கே காட்டி, தளர்த்தக் கற்றுக்கொடுப்பதே சிறந்த சிகிச்சை என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு பெரிய மனுஷிக்கு மலங்கழிக்கக் கற்றுக்கொடுப்பதா என்று முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது.

"வெப்பமா? நுவரெலியாவிலா?" என்று கொழும்பில் இருக்கும் என் மச்சி கேட்டாள். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது நுவரெலியா. ஜனவரி காலையில் புல்லில் பனி உறையும் ஊர். ஆனால் உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிர்களும் கடுமையாகின்றன. ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பீலித் தண்ணீர் நூலாகிவிடும். அதற்கும் மேலாக, சரிவில் பாரத்தோடு ஏறும் உடம்பு தானே வெப்பத்தை உண்டாக்குகிறது. குளிரில் தாக உணர்வு மங்கிவிடுவதால் நீர் குறைவது தெரிவதுமில்லை. சூடான ஊர்க்காரி தாகம் எடுத்துக் குடிக்கிறாள். எங்கள் மலைநாட்டுக்காரிக்குத் தாகமே எடுப்பதில்லை.

இந்த இரண்டையும், அதாவது வெப்பத்தையும் மலசலகூடம் இல்லாமையையும், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று நமது அயலிலேயே நடந்திருக்கிறது. சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் மூன்று வகைத் தொழில்களில் இருந்த 312 பெண்களை ஆராய்ந்து 2016இல் அதை வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் பாதுகாப்பான எல்லையை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். போதிய மலசலகூடம் இல்லாததால் தண்ணீரைக் குறைப்பதும், அதனால் சிறுநீர்ப்பாதைக் கோளாறுகள் வருவதும் அங்கே பதிவாயின. அதே குழு 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. அந்த முடிவு 2024இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த தாய்மாருக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. உப்பளம், செங்கல் சூளை, வயல் என்று அவர்களுடைய வேலைத்தலங்கள் வேறு. எங்கள் மலைகளிலும் இப்படி ஒரு அளவுகோலோடு யாராவது ஏறி இறங்க வேண்டும் என்பது என் ஆசை. உயர்தரத்தில் எனக்குக் கிடைக்கும் பெறுபேறு அனுமதித்தால் அந்த யாராவது நானாகவும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

உலகம் இதைப் பேசத் தொடங்கிவிட்டது. சர்வதேச தொழில் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 240 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் கடும் வெப்பத்துக்கு ஆளாவதாகச் சொல்கிறது. நேபாளத்தில் கருப்பை இறக்கம் நீதிமன்றம் வரை போனது. அது பெண்களின் இனப்பெருக்கச் சுகாதார உரிமை சம்பந்தப்பட்ட விடயம் என்று 2008இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை பெற்றதும் ஓய்வில்லாமல் பாரம் சுமப்பது அங்கே முக்கியமான காரணங்களில் ஒன்று. பாரம் சுமப்பது என்றதும் எனக்கு எந்தக் கூடை நினைவுக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேரளாவின் கதை இன்னும் பிடித்திருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்காரப் பெண், துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துப் பெண்கூட்டு என்ற அமைப்பை உண்டாக்கினார். நாள் முழுவதும் நின்றபடி வேலை, சிறுநீர் கழிக்க இடமில்லை. மலசலகூடம் கேட்டுத் தொடங்கிய அந்தப் போராட்டம் உட்காரும் உரிமை வரை வளர்ந்து, 2018இல் சட்டத்தைத் திருத்த வைத்தது. 2021இல் தமிழ்நாடும் அதுபோல ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாற்காலிக்கும் மலசலகூடத்துக்கும் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

எங்கள் பக்கம் சம்பளத்துக்காக எத்தனை ஊர்வலங்களைக் கடை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயானது. 2024இல் 1,350 ரூபாய். அந்தப் போராட்டங்கள் நியாயமானவை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அந்தப் பதாகைகளில் மலசலகூடம் என்ற சொல்லை ஒருநாளும் நான் வாசித்ததில்லை. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஓர் ஆணுக்கு மலையில் மரத்தின் மறைவு போதும்.

இனி என் வீட்டுக் கதை. எழுதலாமா என்று உம்மும்மாவிடம் கேட்டேன். "பேரைப் போடாதே, மத்ததை எழுது" என்றார். அவர் தோட்டத்தில் வேலை செய்தவரல்ல. ஆனால் ஏழு பிள்ளைகள் பெற்று, பஸாருக்கு மேலே இருந்த வீட்டுக்கு வருஷக்கணக்காகப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தவர். றமழானில் நாங்கள் தராவீஹுக்குப் போகும்போது அவர் மட்டும் வரமாட்டார். முழங்கால் வலி என்பார். ஒருநாள் கொடியில் காய்ந்த துணித் துண்டுகளைக் கண்டு உம்மா விசாரித்தபோதுதான் உண்மை வந்தது. தும்மினால், ருகூஉக்குக் குனிந்தால் சிறுநீர் கசிகிறது. ஒவ்வொரு முறையும் உடை மாற்றி வுழூச் செய்வதை நினைத்தே அவர் பள்ளிக்குப் போகாமல் விட்டிருக்கிறார். பதினொரு வருஷம். எங்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினொரு வருஷம்.

அப்படிப்பட்டவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒருமுறை வுழூச் செய்தால் போதும், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு யாரும் இருக்கவில்லை, ஏனென்றால் அவர் யாரிடமும் கேட்கவில்லை. இது வயசானால் வருவது, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று நினைத்திருக்கிறார். பொறுமைக்கும் மறைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

உம்மா அவரைப் பெண் வைத்தியரிடம் கூட்டிப்போனார். மருந்து எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தோம். வைத்தியர் ஓர் உடற்பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் கீழ்த் தசைகளை உள்ளிழுத்து, சில விநாடிகள் பிடித்து, பின்னர் முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். ஆர்னோல்ட் கீகல் என்ற அமெரிக்கப் பெண்ணோயியல் வைத்தியர் 1948இல் இதைப் பற்றி எழுதினார். எழுபது வருஷத்துக்குப் பிறகு, 2018இல், 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 பரிசோதனைகளைக் கொக்ரேன் என்ற ஆய்வுக் குழுமம் சேர்த்துப் பார்த்தது. இருமும்போதும் தும்மும்போதும் கசியும் வகையினரில், பயிற்சி செய்தவர்களுள் 56 வீதத்தினர் தங்களுக்குக் குணமாகிவிட்டது என்றார்கள். செய்யாதவர்களில் 6 வீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். காசில்லாத மருந்து இது. ஆனால் வைத்தியரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். தசை தளராமல் இறுகும் கோளாறு உள்ளவர்களுக்கு மேலும் இறுக்கும் பயிற்சி உதவாது.

உம்மும்மா திக்ர் செய்வதுபோல் விரல் கணுக்களில் எண்ணிச் செய்தார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடப் பார்த்தார். நான்காவது மாதம் துணித் துண்டுகள் குறைந்தன. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போன றமழானில் பன்னிரண்டு நாள் தராவீஹுக்கு வந்தார்.

அவருடைய மலச்சிக்கலுக்கும் வைத்தியர் ஒரு வழி சொன்னார். வீட்டில் கொமட் பூட்டிய பிறகுதான் அது கூடியிருந்தது. குந்தி இருக்கும்போது மலக்குடலைச் சுற்றி வளைத்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. கொமட்டில் நேராக உட்காரும்போது அந்த வளைவு அப்படியே நிற்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோவில் 52 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கொமட்டின் முன் கால் வைக்க ஒரு சிறு பலகை கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்கு முக்குவது குறைந்தது. முழங்கால் நோவால் குந்த முடியாத உம்மும்மாவுக்கு வாப்பா பெட்டிப் பலகையில் ஒரு கட்டை அடித்துக் கொடுத்தார். தாழ்வாக நினைத்த பழைய குந்து மலசலகூடத்தில் இவ்வளவு விஞ்ஞானம் இருந்திருக்கிறது.

விடுதித் தோழிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. 2025இல் பொஸ்டனில் 125 பேரிடம் நடத்திய ஆய்வில், மலசலகூடத்துக்குள் கைபேசி கொண்டுபோகிறவர்களுக்கு மூலநோய் இருக்கும் வாய்ப்பு 46 வீதம் அதிகமாக இருந்தது. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

சிரிப்பை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னால், அடக்கிக்கொள்வதில் நாமும் குறைந்தவர்களல்ல. சென்ற வருஷம் நான் போன ஒரு டியூஷன் வகுப்பில் இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். மலசலகூடம் ஒன்று, அதுவும் தாழ்ப்பாள் இல்லாதது. காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை நான் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து அன்டிபயோடிக் குடித்தேன். அப்போதும் உம்மாவிடம் வயிற்று வலி என்றுதான் சொன்னேன். பெற்றோரே, வகுப்பில் சேர்க்கும்போது கட்டணத்தையும் ஆசிரியரின் பெறுபேறுகளையும் விசாரிக்கிறீர்கள். மலசலகூடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

மலைக்குத் திரும்புகிறேன். தோட்டமொன்றில் லிகிதராக இருக்கும் என் சாச்சாவிடம் இதைப் பற்றி வாதிட்டேன். அவர் சொன்ன காரணங்கள்: சரிவில் தண்ணீர்க் குழாய் இழுப்பது கஷ்டம், கொழுந்து இன்று ஒரு மலையில் நாளை இன்னொரு மலையில், கட்டிக் கொடுத்தாலும் துப்புரவாக வைத்திருக்கமாட்டார்கள். முதல் இரண்டும் உண்மையான கஷ்டங்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்தச் சரிவுகளில் பாதை வெட்டினார்கள், பாலம் போட்டார்கள், தொழிற்சாலை எழுப்பினார்கள். கொழுந்து நிறுக்கத் தராசு மலைக்கே போகிறது. தராசு போகும் இடத்துக்கு நான்கு தகரமும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் ஏன் போக முடியாது? மூன்றாவது காரணத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. கோபம் வந்தது, எழுந்து போய்விட்டேன். அது மரியாதையில்லை என்று உம்மா ஏசினார்.

பின்னர் கடைக்கு வந்த அக்காவிடம் கேட்டபோது, நானும் சாச்சாவும் நினைக்காத ஒன்றை அவர் சொன்னார். "கக்கூஸ் கட்டிக் குடுத்தாலும் யாரு பாப்பா போறது? போயிட்டு வர நேரத்துல ரெண்டு கிலோ போயிரும். கிலோ குறைஞ்சா அரைப்பேர்." ஒரு நாளுக்குரிய கொழுந்து நிறை சேராவிட்டால் பாதி நாள் சம்பளம்தான் பதிவாகும். அதுதான் அரைப்பேர். ஆக, கட்டடம் மட்டும் போதாது. போய்வரும் நேரத்தைக் கணக்கில் கழிக்கக்கூடாது, அதை நிறைக் கணக்கிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு இப்போது கட்டடத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கிய கிராமவாசியைத் தோழர்கள் பிடிக்க எழுந்தபோதும், இடையில் தடுக்க வேண்டாம் என்று சொல்லி, அவர் முடித்த பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்பதற்கே அடக்கிக்கொண்டு வராதே என்று சொன்ன மார்க்கத்தில் இருக்கும் நாம், காலையில் குடிக்கும் தேத்தண்ணிக்காக ஒரு பெண் அடக்கிக்கொண்டு நிற்பதைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம்? அவர் முஸ்லிமா, தமிழா என்று அவருடைய சிறுநீர்ப்பைக்குத் தெரியாது.

சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் சிங்களத்தில் சுவ நாரி என்று சொல்லும் பெண்கள் கிளினிக் நடக்கிறது. 35 வயதான பெண்களை அழைத்து இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். உம்மாவை நான் அனுப்பினேன். அங்கே போகிறவர்கள் கசிவைப் பற்றியும் மலச்சிக்கலைப் பற்றியும் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால்தான் குறிப்பில் ஏறும். கடைக்கு வரும் அக்காவுக்குக் கிளினிக் நாளைப் பட்டியல் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். போனாரா தெரியாது. அன்று வேலைக்குப் போகாவிட்டால் பேர் போய்விடுமே.

எங்களால் முடிந்த ஒன்றைச் செய்தோம். கடைக்குப் பின்னால் ஒரு மலசலகூடம் உண்டு, வீட்டாருக்கு மட்டும். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க வரும் பெண்களுக்குத் திறந்துவிடச் சொல்லி வாப்பாவிடம் கேட்டேன். தண்ணீர்க் கட்டணம், துப்புரவு என்று இரண்டு வாரம் யோசித்தார். மூன்றாவது வாரம் சாவியைத் தராசுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினார். முதல் ஞாயிறு யாரும் கேட்கவில்லை. இரண்டாவது ஞாயிறு மூன்று பேர் கேட்டார்கள். நான்காவது ஞாயிறு அந்த அக்கா வந்தார். ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தண்ணீர் கேட்டார்.